ஒரே கல்லில் நாங்கள் இருவரும்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் இருந்த சிலையைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மூத்த மகன் ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டு எடுத்துவிட்டான் என்கிறார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் மனத்தாங்கல் என்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வைக்கச் சொன்னவளும் நான்தான், எடுக்கச் சொன்னவளும் நான்தான். எனக்குப் படிப்பு குறைவு, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் வீட்டு விஷயத்தை இன்னொருத்தர் வாயால் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது.

முதலில் காலண்டரைச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தொழில் இரண்டு. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனியை மூத்தவன் பார்க்கிறான். சிவகாசியில் இருக்கிற அச்சாபீஸை இளையவன் பார்க்கிறான். கணவர் தவறிய பிறகு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் நான் காலையில் அச்சாபீஸுக்குப் போய்விடுவேன். அங்கே முருகனும் லட்சுமியும் காலண்டர்ப் படமாகத் தாள் தாளாக மிஷினில் இருந்து வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகும்.

அப்போது சென்னை ஏஜெண்டு ஒருத்தர் மூலம் வெளிநாட்டுக் காலண்டர் ஆர்டர் ஒன்று வந்தது. மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் எகிப்து தேசத்துப் பழைய கற்சிலைகள். மேசையில் விரித்து வைத்திருந்த மாதிரித் தாளைப் பார்த்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். சின்ன மருமகள் சிரித்தாள்.

"அத்தை, இது சாமி இல்ல. ராசா ராணியும் இல்ல. நம்மள மாதிரி ஆளுகதான்."

நம்மைப் போன்ற ஆட்களுக்கு யார் சிலை வைத்தார்கள் என்று கேட்டேன். அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றாள். அதன் பிறகு நான் அவளை விடவில்லை. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் போட்டிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒருவன் சம்மணம் போட்டு மடியில் ஏட்டை விரித்திருந்தான். அவன் கணக்கப்பிள்ளை. தொப்பை சரிந்து நின்ற இன்னொருவன் தானியம் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்கு அதிகாரி. ஒரு பெண் முட்டி போட்டு, கல்லின்மேல் குனிந்து, மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன எசமானுக்கு அவள் இன்னமும் மாவு தேய்க்கிறாளாம். அதற்காகவே அவளைச் செய்து உள்ளே வைத்தார்களாம். அந்தத் தாளை நான் அடியில் தள்ளிவிட்டேன்.

மருமகள் சொன்னதில் என் மனத்தில் ஊன்றிய விஷயம் ஒன்று உண்டு. நாம் போட்டோ மாட்டுகிறோமே, அது போனவரை நினைத்துக்கொள்வதற்கு. அவர்கள் சிலை அதற்கு இல்லை. போனவர் வந்து உட்காருவதற்கு அது இடம். உடம்பு கெட்டுப்போனாலும் கல் கெடாது, அதில் வந்து இருந்து, படைப்பதைச் சாப்பிட்டுப் போவார். சமாதிக்குள் கதவே இல்லாத அறையில் சிலையை வைத்துப் பூசிவிடுவார்களாம். சாம்பிராணிப் புகை போகச் சுவரில் ஒரு சின்னச் சந்து மட்டும் விடுவார்களாம். முகம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடியில் பேர் வெட்டியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பேரைக் கொத்தி எடுத்துவிட்டு இன்னொருவன் தன் பேரை வெட்டினால் சிலை அவனுடையதாகிவிடும். பழையவன் இடமில்லாமல் போய்விடுவான்.

கடைசித் தாளில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். ஒரே கல்லில் வெட்டிய சோடி. அவனுக்குச் செம்மண் நிறம், அவளுக்கு வெளிறிய மஞ்சள். இரண்டு பேரும் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை அவன் முதுகைச் சுற்றிப் போய், விரல் மட்டும் அந்தப் பக்கத் தோளில் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே ஆள் வைத்துச் செய்துகொண்டார்களாம்.

எங்களுக்கு அப்படி ஒரு போட்டோகூடக் கிடையாது. எந்தப் படத்திலும் அவர் நாற்காலியில் இருப்பார், நான் பின்னால் நிற்பேன். இந்தக் கம்பெனி அவருடைய பேரில் இருந்தாலும் ஆரம்பத்தில் பாதிக் குழாய் நான் உருட்டியது, பாதித் திரி நான் வெட்டியது. அதை ஊரில் யாரும் மறுத்துப் பேச முடியாது. அவர் தோளில் நாலு பேர் பார்க்க நான் கை போட்டதே இல்லை. கல்லிலாவது போட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மூத்தவன் அப்பாவுக்கு மார்பளவுச் சிலை ஒன்றைக் கம்பெனி வாசலில் வைப்பதாக ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தான். மார்பளவு வேண்டாம், இந்த மாதிரிச் செய்யச் சொல் என்று அந்தத் தாளைக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ம்மா, உசுரோட இருக்கவுகளுக்குச் செல வைக்க மாட்டாக."

"எகிப்துல வச்சிருக்காகளே."

"அவுகள்லாம் செத்துப் போயிட்டாகம்மா."

"எல்லாருந்தான் போவோம். கல்லு முந்தி வந்தா என்ன?"

நான் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. சிற்பி வந்தார். வயதானவர், சாமி சிலைகளே செய்து பழகியவர். தாளை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னபடியே செய்தார். சாம்பல் நிறக் கல். என் கணவர் முகம் நன்றாக வந்திருந்தது. என் கையும் அவர் முதுகைச் சுற்றிப் போய்த் தோளில் வந்து நின்றது. அடியில் இரண்டு பேர் பேரும் வெட்டியிருந்தது. என் பேரை நானே தடவிப் படித்தேன். ஆனால் என் கண்ணில் சிற்பி பாவை வெட்டவில்லை. என் கணவருக்குப் பார்வை இருந்தது. எனக்கு இமைக்குள் உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அதற்கு இப்போது அவசரம் இல்லை, உங்கள் காலத்துக்குப் பிறகு என் மகன் வந்து கண்ணைத் திறப்பான் என்றார். சொல்லிவிட்டு உளியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். சரி என்று சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காரில் ஏசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிக் குளிர்ந்துகிடந்தது உடம்பு.

சிலையை ரோட்டைப் பார்த்து வைக்க வேண்டும், போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று மூத்தவன் சொன்னான். நான்தான் உள்ளே பார்க்க வைக்கச் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தது அந்த ஷெட்டுகளைத்தான். ரோட்டில் போகிற லாரியை அவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

வைத்த முதல் வாரமே வேலைக்கு வருகிற பெண்கள் சிலையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். கல்லில் மல்லிகைச் சரம் ஏறியது. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் முதல் கைச்சோற்றைப் பீடத்தில் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

ஒரு வெள்ளிக்கிழமை நான் கார் கதவைத் திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. பட்டாசுக் கம்பெனி தெரியாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் கேட்டுக்குள் தீப்பெட்டி போகாது, பீடி போகாது, செல்போனைக்கூட வாசலில் வாங்கி வைத்துவிடுவோம். அந்தக் கேட்டுக்கு உள்பக்கம், சிலையின் காலடியில், வட்டமாகக் கரி படிந்திருந்தது. இன்று நேற்றைக் கரி இல்லை, பல நாள் படிந்த கரி. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்காமல், சாமிக்குத்தானம்மா, என்றான். பையைச் சோதித்துத் தீப்பெட்டியைப் பிடிக்க வேண்டியவனே கொளுத்திக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கே அவனை அச்சாபீஸுக்கு மாற்றினேன். எல்லாரையும் கூட்டி வைத்து, இனி இங்கே யாராவது ஒரு பொட்டுக் கற்பூரம் ஏற்றினால் சிலை இருக்காது என்று சொன்னேன். கற்பூரம் நின்றது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எங்கள் கம்பெனி ஆட்கள் பாதிப் பேர் போய் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் வாசலில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். என் சிலைக்குக் கண் வந்திருந்தது. மாரியாத்தாளுக்குச் சாத்துகிற வெள்ளிக் கண்மலரை வாங்கி வந்து, என் கல் இமைக்குள் சந்தனம் குழைத்து ஒட்டியிருந்தார்கள். வெயில் பட்டு அது மின்னியது. என் முகத்தை வைத்துக்கொண்டு வேறு யாரோ என்னைத் தாண்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

யார் வைத்தது என்று கேட்டதும் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் இருந்து ஒருத்தி வந்தாள். எங்களிடம் வெகுநாளாக வேலை பார்ப்பவள். இவள் தங்கை வேறு ஒரு கம்பெனியில் வெடிவிபத்தில் போய்விட்டாள். இப்போது இவளும் இவள் மகளும் எங்களிடம் ஒரே அறையில் வேலை செய்கிறார்கள். அவள் என் முன்னால் பயமில்லாமல் நின்றாள்.

"நான்தாம்மா வச்சேன்."

"எனக்கு எதுக்குடி கண்ணு? எனக்கு இன்னும் ஊசி கோக்கத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியல. ஐயா மட்டும் பாக்காக. இம்புட்டு ரூமையும் ஒத்த ஆளா எப்படிப் பாப்பாக? எம் மக உள்ள இருக்காம்மா."

எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்தா கோயில் சாமானைப் பிடுங்கவும் கை வரவில்லை. இருக்கட்டும் என்று உள்ளே போய்விட்டேன். அந்த இரண்டு கண்ணும் முதுகில் பட்டுக்கொண்டே வந்தன.

புரட்டாசி பிறந்தது. தீபாவளிச் சீசன் என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாசலில் லோடு ஏற்ற லாரி நிற்கும். அந்த வருஷம் காற்றும் ஒரு மாதிரி இருந்தது. காலையில் வறண்ட காற்று, மத்தியானம் பொறுக்க முடியாத புழுக்கம், சாயங்காலம் ஆனைக்குட்டம் பக்கம் கருத்துக்கொண்டு வரும், பெய்யாமல் கலைந்துவிடும். மனத்தில் என்னமோ கிடந்து உறுத்தியது. அச்சாபீஸை விட்டுவிட்டுத் தினமும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன்.

மருந்து அறை ஒவ்வொன்றின் வாசலிலும் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வறண்ட காற்றில் நைலான் சேலை உரசி உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் உள்ளே போனால் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். ஆயிரம் கை பட்டுப் பட்டு அந்தத் தகடு எப்போதும் புது வெண்கலக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருக்கும்.

அன்றைக்குப் பார்க்கிறேன், தகடு கருத்துப்போய்க் கிடந்தது. ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. பக்கத்து அறைத் தகடும் அப்படித்தான். ஃபோர்மேனைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இப்பல்லாம் அவுக கேட்டு வாசல்லயே தொட்டுட்டு வந்துருதாகம்மா, என்றார். வாசலில் எதை என்று கேட்டேன். அவர் சிலைப் பக்கம் கையைக் காட்டினார். நானே நடந்து போய்ப் பார்த்தேன். என் கல் பாதம், கட்டைவிரலில் இருந்து கணுக்கால் வரைக்கும், எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுமினுத்தது. தகட்டில் பட வேண்டிய கையெல்லாம் அங்கே பட்டிருந்தது.

வெயில் உச்சியில் இருந்தது. எனக்கு வியர்க்கவே இல்லை.

எல்லாரையும் வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அதற்குள் வானம் இருண்டது. இந்தத் தடவை கலைகிற மேகம் இல்லை. மின்னல் வெட்டியது. இடி மின்னல் என்றால் மணி அடிக்க வேண்டும், மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் திறந்த இடத்து ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். அது என் கணவர் காலத்தில் இருந்து உள்ள கட்டுப்பாடு. மணி அடித்தது. மற்ற அறைகளில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கண்மலர் வைத்தவள் அறையில் இருந்து ஒருவரும் வரவில்லை.

நான் போய் அந்த அறை வாசலில் நின்றேன். உள்ளே வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். கை ஓடிக்கொண்டே இருந்தது. காலண்டரில் நான் அடியில் தள்ளிய அந்த மாவு தேய்க்கிற பெண்ணின் முதுகு எனக்கு ஞாபகம் வந்தது.

"மணி கேக்கலையா ஒங்களுக்கு?"

அவள் நிமிராமலே சொன்னாள். "கேட்டுச்சும்மா. இந்தத் தட்டு மட்டும் முடிச்சிட்டு வாரோம். அம்மாதான் பாத்துக்கிட்டு இருக்காகளே."

சொல்லும்போது அவள் மோவாய் என் பக்கம் திரும்பவில்லை. கேட்டுப் பக்கம், சிலை இருக்கிற திசையில் திரும்பியது. உயிரோடு நான் முன்னால் நிற்கிறேன். அவள் அம்மா என்று சொன்னது அங்கே இருப்பவளை.

தகட்டில் கையை வைத்துவிட்டு உள்ளே போய், அவள் மகளை முதலில் கையைப் பிடித்து எழுப்பினேன். மகள் எழுந்ததும் அவள் எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். நாங்கள் ஷெட்டுக்கு வந்து சேரும்போது கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமேல் இடி விழுந்தது. பச்சை மரம் உச்சியில் இருந்து எரிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை கொட்டியது. ஒவ்வொரு மின்னலுக்கும் வாசலில் அந்த வெள்ளிக் கண் இரண்டும் எங்களைப் பார்த்துத் திறந்தன. அதைப் பார்த்து அந்தப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலை காப்பாற்றிவிட்டதாம்.

சிலையை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே மூத்தவனிடம் சொன்னேன். அவன் என்னை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு அப்பாவை விட்டுவைக்கலாமா என்று சிற்பிக்குப் போன் போட்டான். கை முதுகைச் சுற்றிப் போகிறது, அறுத்தால் ஐயா முதுகும் போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டும் போகட்டும் என்றேன். என் கணவர் பக்கத்தில் உட்கார எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். அதை நான் வாயால் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கிரேன் வந்தபோது பெண்கள் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். சிலையை எடுத்தால் உள்ளே போகமாட்டோம் என்றார்கள். ஃபோர்மேன் சத்தம் போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கண்மலர் வைத்தவள்தான் முன்னால் நின்றாள்.

"இத எடுத்துட்டா நாங்க எத நம்பிம்மா உள்ள போறது?"

"தகட்ட நம்பிப் போ. மணிய நம்பிப் போ."

"அதெல்லாம் எந் தங்கச்சி வேல பாத்த எடத்துலயும் இருந்துச்சும்மா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப நான் வந்து உக்காருதேன்," என்றேன். "ஒங்க ரூம் வாசல்ல. சீசன் முடியிற வரைக்கும். நான் கைய வச்ச தகட்டுல நீங்களும் வச்சிட்டுத்தான் உள்ள போகணும். நான் எந்திரின்னா எந்திரிக்கணும்."

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். இந்த உடம்பு தாங்குமா என்று பார்க்கிற பார்வை அது. பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

கிரேன் எங்கள் இருவரையும் தூக்கியது. கயிற்றில் ஆடும்போது வெள்ளிக் கண் ஒன்று கழன்று விழுந்தது, மற்றதை நான் எடுத்தேன். அவளிடம் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. இரண்டையும் இருக்கன்குடி உண்டியலுக்குக் கொடுத்துவிட்டேன். சிலை இப்போது அச்சாபீஸ் கிட்டங்கியில், பேப்பர் ரீல்களுக்கு நடுவில் மல்லாந்து கிடக்கிறது. வேலை ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்று சின்னவன் சொல்கிறான்.

சொன்னபடி நான் தினமும் போகிறேன். செம்புத் தகட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மர ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். காலையில் ஒவ்வொருத்தியும் தகட்டில் கையை அழுத்தி வைக்கிறாள், நான் பார்க்கிறேன், உள்ளே போகிறாள். தகடு மறுபடியும் வெளுத்துக்கொண்டு வருகிறது. முதுகு வலிக்கிறது. மகன் தினமும் திட்டுகிறான். சீசன் முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் நல்ல புழுக்கம். சாப்பிட்ட களைப்பு, கண் சொருகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கொஞ்ச நேரம்தான் இருக்கும். என்னமோ போல இருந்து விழித்தேன். அறைக்குள் சத்தமே இல்லை. குழாய் உரசுகிற சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை. எல்லாக் கையும் அந்தரத்தில் நின்றிருந்தது. அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பி, என் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்த பிறகுதான் முதல் கை அசைந்தது.